தடித்த ஈ எவ்வளவு குடிக்கிறது?

ஒரு பழ ஈயின் எடை ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். ஈயக்காவின் எடை தொண்ணூற்றெட்டு கிலோ. முதல் எண்ணை ஆய்வகத்தின் நுண்தராசு சொல்லும். இரண்டாவதை அவரே சொல்லிவிடுவார், பார்ப்பவர் மனதுக்குள் கணக்குப் போட்டுச் சிரமப்பட வேண்டாம் என்று.

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் ஈயக்காதான். யாராவது தொலைபேசியில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி இங்கே யாரும் இல்லை என்று வாசல் காவலாளி வைத்துவிடுகிறார். வயது நாற்பத்தேழு. பார்க்கும் வேலை, ஈ வளர்ப்பது. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, எள்ளுக்குக் கால் முளைத்தது போன்ற அந்தச் சின்ன ஈ, அதுதான். நாம் கையை வீசி விரட்டுவதை அவர் குப்பிகளில் அடைத்து, பஞ்சு மூடி போட்டு, தட்டுத் தட்டாக அடுக்கிப் பத்து வருடமாகக் காப்பாற்றி வருகிறார்.

அதற்கு முன் ஒரு மாணவர் விடுதியில் சமையல். முன்னூறு பேருக்குச் சமைத்தவர் இப்போது முப்பதாயிரம் பேருக்குச் சமைக்கிறார். சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், கெட்டியாக உறைவதற்கு அகர். அண்டாவில் கிண்டி, சூடாகவே குப்பிகளில் ஊற்றி ஆறவிட வேண்டும். இங்கே ஒருத்தரும் உப்பில்லை என்று சொன்னதில்லை என்பது அவர் அடிக்கடி சொல்லும் நகைச்சுவை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வருடம் முழுவதும் ஒரே வெப்பம். கதவைத் திறந்தால் ரொட்டிக்கடையின் பின்வாசல் வாசனை.

கைவேலை அவருக்குப் பிடித்தது. ஈக்கள்மேல் கரியமில வாயுவைச் செலுத்தினால் நொடியில் மயங்கிச் சரியும். வெள்ளைத் தட்டில் கொட்டி, உருப்பெருக்கியில் பார்த்து, மெல்லிய தூரிகையால் ஆணைத் தனியே, பெண்ணைத் தனியே ஒதுக்குவார். ஆணின் பின்புறம் கறுப்பு. பெண்ணுக்கு வரிவரியாகக் கூர்முனை. திரும்பக் குப்பியில் போட்டதும் குப்பியைப் படுக்கவைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் மயக்கத்தில் இருக்கும் ஈ ஈரச் சாப்பாட்டில் ஒட்டிக்கொண்டு செத்துவிடும். “குடிச்சிட்டு வந்தவனைக் குழம்புச் சட்டி பக்கத்துல படுக்க வைக்கலாமா?” என்று புதிதாக வருகிறவர்களிடம் கேட்பார்.

இந்த ஆய்வகம் தேடுவது ஒரே ஒரு விஷயம்: உடம்பு கொழுப்பை எப்போது சேர்க்கிறது, எப்போது செலவழிக்கிறது, அதை யார் தீர்மானிப்பது? மனிதனைக் கூண்டில் அடைத்து, வேளைக்கு அளந்து கொடுத்து, கடைசியில் அரைத்துப் பார்க்க முடியாது. ஈயை முடியும். பத்தே நாளில் முட்டை ஈயாகிவிடும். ஈக்கும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சேமிக்கும் திசு உண்டு. நம் இன்சுலினைப் போலவே சேர்த்து வை என்று சொல்லும் ஹார்மோனும் உண்டு; எடுத்துச் செலவழி என்று சொல்லும் ஹார்மோனும் உண்டு. இரண்டாவதைச் சுரப்பது கழுத்தருகே இருக்கும் ஒரு சுரப்பி. அதில் இருக்கும் செல்களை இரண்டு கை விரல்களோடு கூட நாலைந்து விரல்களைக் கடன் வாங்கினால் எண்ணி முடித்துவிடலாம்.

பேராசிரியை, ஈயக்காவுக்கு மேடம், அந்தச் சுரப்பியைப் பச்சையாக ஒளிரச் செய்து முதல்முறை காட்டியபோது, அக்கா இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். கறுப்புக்குள் ஒரு பச்சைப் பொட்டு. ஒரு மில்லிகிராம் உயிருக்குள், கடுகை ஆயிரமாய்ப் பிளந்தாலும் அதைவிடச் சிறிய ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு யாரோ கிடங்குச் சாவியைக் கையில் வைத்திருக்கிறார்கள். அன்று மதியம் சாப்பிட மறந்துவிட்டார் என்கிறார் மேடம். அக்கா மறுக்கிறார், சாப்பிட்டாராம், தாமதமாக.

அந்தச் சாவி ஹார்மோனை உருவாக்கவே முடியாத ஒரு வகை ஈயை இங்கே வளர்க்கிறார்கள். அதற்குப் பெயர் குண்டு. மற்றதற்குப் பெயர் சாதா. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். கொழுப்பை அளந்தால்தான் தெரியும், குண்டுவின் வயிற்றில் சாதாவைவிட மிக அதிகம். இதில் அதிர வைப்பது வேறொன்று. வெறும் தண்ணீரை மட்டும் வைத்துப் பட்டினி போட்டால், சாதா இருக்கிற கொழுப்பை எல்லாம் எரித்துத் தீர்த்துவிட்டுச் சாகும். குண்டு கொஞ்சம் அதிக நாள் தாங்கும், ஆனால் அதுவும் கடைசியில் பட்டினியால்தான் சாகும். செத்த பிறகு பார்த்தால் வயிற்றில் கொழுப்பு மிச்சம் இருக்கும். கிடங்கு நிறையச் சரக்கு, வாசலில் பிணம்.

இன்னொன்று. பசித்த சாதா ஈ சாப்பாடு தேடி அங்குமிங்கும் ஓடும். குண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர் சோம்பேறி என்பார். எழுந்து ஓடு என்று சொல்ல வேண்டியதும் அதே ஹார்மோன்தான். அது இல்லாத உடம்புக்கு அந்தச் செய்தியே போய்ச் சேர்வதில்லை.

இதைக் கேட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போன நாளில் அவர் மனதில் இருந்தது அவருடைய தொண்ணூற்றெட்டு கிலோ அல்ல. அதோடு அவர் சமாதானமாகி வெகுநாள் ஆகிறது. கல்யாணப் பேச்சின்போதே அது முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ பெண் கொஞ்சம் கனம் என்று இழுத்தார்களாம். லிஃப்ட் மெக்கானிக்கான மாப்பிள்ளை, நான் தினமும் தூக்குற எடையில இது எந்த மூலைக்கு என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். அவர் மனதில் இருந்தது மகன்.

மகனுக்குப் பத்தொன்பது வயது. நாற்காலி, கட்டில் விற்கும் கடையில் வேலை. பீரோவை முதுகில் சுமந்து நாலு மாடி ஏறுகிறவன். எடை அம்மாவைத் தாண்டிவிட்டது. இரண்டு வருடமாக அவன் யார் கண்ணெதிரிலும் சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். கடையிலும் பீரோக்களுக்குப் பின்னால் போய்த்தான் டப்பாவைத் திறக்கிறான் என்று கடைக்காரர் ஒருநாள் அக்காவிடம் சொன்னார்.

காரணம் அக்காவின் சொந்தத் தம்பி. மாடி வீட்டில் இருப்பவர், மொபைல் கடை வைத்திருப்பவர். குடைக்கம்பி போன்ற உடம்பு. சாப்பாடு மட்டும் கீழே, அக்கா வீட்டில். மருமகனுக்கு அவர் வைத்த பெயர் குடோன். உறவுக்காரர்கள் நிறைந்திருந்த ஒரு விசேஷ வீட்டில், எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, “குடோனுக்கு லோடு இறக்கியாச்சா, அடுத்த வண்டியை உள்ள விடலாமா?” என்று பரிமாறுகிறவரிடம் கேட்டார். கூட்டம் சிரித்தது. பையனும் சிரித்தான். அதுதான் அவன் பிறர் முன்னால் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு.

மாமா கெட்டவர் அல்ல. பையனுக்கு முதல் மொபைல் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அவரளவில் இது கணக்கு: நிறையத் தின்றால் உடம்பு நிறையும், அவ்வளவுதானே. தன் தட்டில் மூன்றாவது தடவை போட்டுக்கொண்டே இதைச் சொல்வார்.

ஆகவே, குண்டு ஈ உண்மையிலேயே அதிகம் சாப்பிடுகிறதா என்று அளக்கும் வேலையை மேடம் ஒப்படைத்தபோது, அக்கா அதை வேலையாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஈ எவ்வளவு சாப்பிட்டது என்று அளக்க ஒரு வழி இருக்கிறது. சோளமாவுக் கட்டிக்குப் பதில் சர்க்கரையும் ஈஸ்டும் கரைத்த தண்ணீர். அதை முடி போன்ற கண்ணாடிக் குழாய்களில் நிரப்பிக் குப்பியின் மூடி வழியாகத் தொங்கவிடுவார்கள். ஈக்கள் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு குழாய் நுனியில் குடிக்கும். மாலையில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு. காலையில் இன்னொரு கோடு. நடுவில் இருப்பது அவை குடித்தது. தண்ணீர் தானாகவும் கொஞ்சம் ஆவியாகும் அல்லவா, அதற்காக ஈயே இல்லாத ஒரு குப்பியையும் கூடவே வைத்து, அதில் குறைந்ததைக் கழித்துவிடுவார்கள்.

அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. விடுதிச் சமையலறையில் படிந்தது. எந்தப் பொருளுக்கும் ஒரே இடம். இன்குபேட்டர் என்ற, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் குண்டு எப்போதும் இடப்பக்கம், சாதா எப்போதும் வலப்பக்கம். இரண்டும் கலந்துவிட்டால் மூன்று மாத உழைப்பு வீண். ஈயில்லாத குப்பி இடப்பக்கத்து ஓரத்தில், காலியாக இருந்த இடத்தில். ஒருநாள்கூட இடம் மாறவில்லை.

முடிவு வந்தது. குண்டு குறைவாகக் குடிக்கிறது. சாதாதான் அதிகம். மேடம் எண்களை இரண்டு முறை பார்த்தார். அக்கா ஒருமுறை பார்த்ததே போதும் என்று பேருந்து ஏறிவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் தம்பியின் எதிரே உட்கார்ந்து, உள்ளறைக் கதவுக்கும் கேட்கும்படி சொன்னார்: “டேய், குண்டு ஈ கம்மியாத்தான் குடிக்குது. ஒல்லி ஈதான் உறிஞ்சித் தள்ளுது. அளந்து பாத்தாச்சு.”

“ஈயை வச்செல்லாம் என்னை மடக்குறியாக்கா?”

“உன்னை மடக்க ஈ போதும்டா.”

மறுநாள் இரவு கதவு திறந்தது. மகன் தட்டோடு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்பா தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினார். அதற்கு மறுநாளும் வந்தான். சாப்பிட்டுக்கொண்டே, ஈ எப்படிம்மா தலைகீழா குடிக்கும், புரையேறாதா என்று கேட்டான்.

அந்த வாரக் கடைசியில் மேடம் வேறு எதற்கோ ஒரு தட்டை இன்குபேட்டரின் இடப்பக்கம் வைத்திருந்தார். அங்கே இடமில்லை. அடுத்த சுற்றைத் தொடங்கிய அக்கா, ஈயில்லாத குப்பியை முதல்முறையாக வலப்பக்கம் வைத்தார். காலையில் கோடு பார்க்கும்போது கை நின்றது. அந்தக் குழாயில் தண்ணீர் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. ஈயே இல்லாத குப்பியில் யார் குடித்தார்கள்?

அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. உள்ளே கையை நீட்டினார். வலப்பக்கச் சுவரில் சின்ன மின்விசிறி. அதன் காற்று வலப்பக்கத் தட்டில்தான் நேராகப் படுகிறது. அங்கே தண்ணீர் வேகமாக உலர்கிறது. அத்தனை நாளும் காற்று குடித்ததை எல்லாம் சாதா ஈயின் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். எதுவும் எதனோடும் கலக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்த அந்த ஒழுங்குதான் கணக்கைக் கெடுத்திருக்கிறது.

மேடத்திடம் உடனே சொல்லிவிட்டார். அதில் அவர் தயங்கவே இல்லை. மேடம் வந்து, தானும் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“மூணு மாசமா நானும் இதே கதவைத்தான் திறந்து மூடறேன். எனக்கும் தோணலையே,” என்றார். பிறகு, “திரும்பப் பண்ணலாம். இந்தத் தடவை தினமும் இடம் மாத்தி. ரெண்டு பக்கமும் காலிக் குப்பி. எது குண்டு, எது சாதான்னு உங்களுக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது. உங்களுக்கு ஒரு ஆசை இருக்கு. எனக்கும் இருக்கு. ஆசை இருக்கிற கண்ணு கோட்டைக் கொஞ்சம் தள்ளித்தான் பாக்கும்.”

புது ஈக்கள் வளர்ந்து வரவே சில வாரம் ஆகும். வீட்டில் என்ன சொல்வது?

அக்கா கணவரிடம் மட்டும் சொன்னார். முடிவு வரட்டும், ஒருவேளை பழையதே சரியென்றும் வரலாம், அதுவரை பையன் நிம்மதியாகச் சாப்பிடட்டுமே என்பது அவர் யோசனை.

“லிஃப்ட் சரியில்லன்னு தெரிஞ்சா முதல்ல போர்டு மாட்டணும்,” என்றார் கணவர். “சரி பண்றது அப்புறம். போர்டு மாட்டாம சரி பண்ணிட்டிருந்தா, நடுவுல ஒருத்தன் ஏறிடுவான்.”

அக்கா மகனிடம் சொன்னார். மின்விசிறி, வலப்பக்கம், காற்று, எல்லாம். அவன் கையில் இருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டான்:

“அப்போ மாமா சொன்னது சரியா?”

“அதுவும் தெரியாதுடா. நான் சொன்னதுக்கு இருந்த ஆதாரம் போச்சு. அவ்வளவுதான் இப்போ தெரியும்.”

அவன் தலையாட்டினான். கோபப்படவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

எப்போதும் ஈக்களோடு பேசிக்கொண்டே வேலை பார்க்கும் அக்கா, அந்த வாரங்களில் அதை நிறுத்திவிட்டார் என்கிறார் மேடம். பக்கத்து ஆய்வகத்துக்காரர் ஒருவர் குப்பிகளில் எண் ஒட்டினார். எந்த எண் எது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைப் பஞ்சு. அக்கா காலையில் வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு பார்ப்பார். பார்த்ததைச் சொல்வார், மேடம் குறித்துக்கொள்வார். யாருக்கு வெற்றி என்று தெரியாமல் ஆட்டம் பார்ப்பது போல இருந்தது என்கிறார். கூட்டத்தில் நின்று கத்தக்கூட வழியில்லை.

கடைசியில் பக்கத்து ஆய்வகத்துக்காரர் வந்து எண்களைப் பிரித்துச் சொன்னார். மேடம் கணக்குப் போட்டு முடித்துவிட்டுக் கணினித் திரையை அக்கா பக்கம் திருப்பினார். இரண்டு கோடுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடந்தன. குண்டு குறைவாகக் குடிக்கவில்லை. அதிகமாகவும் குடிக்கவில்லை. இரண்டும் ஒரே அளவு.

முதலில் அக்காவுக்கு ஏமாற்றம்தான். பிறகு அது மெல்ல உறைத்தது. ஒரே சாப்பாடு, ஒரே அளவு, ஒரே அலமாரி, ஒரே காற்று. ஒன்று சாப்பிட்டதைச் செலவழிக்கிறது, மற்றது பூட்டி வைக்கிறது. நடுவில் இருக்கும் வித்தியாசம் தின்ற வாயில் இல்லை, கழுத்தருகே ஒளிர்ந்த அந்தப் பச்சைப் பொட்டில் இருக்கிறது. விடுதியில் அத்தனை வருடம் பிறர் தட்டையே பார்த்துச் சமைத்தவருக்கு, தட்டைப் பார்த்தால் மட்டும் ஒன்றும் தெரியாது என்று சொல்லும் படம் அது. “இவ்வளவு பெரிய விஷயத்தை இந்த ஈ வாயைத் திறக்காம சொல்லிடுச்சே மேடம்” என்றாராம்.

மகன் சனிக்கிழமை வந்தான். அம்மா கூப்பிட்டதால் அல்ல. பக்கத்துத் தெருவில் ஒரு கட்டிலை இறக்கிவிட்டு, வேலைச் சட்டையோடு வந்தான். மேடம் அவனை உருப்பெருக்கியின் முன் உட்காரவைத்தார். பட்டினி கிடந்து செத்த குண்டு ஈ ஒன்றின் கொழுப்புத் திசு. கொழுப்பு மட்டும் தெரியும்படி சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். கண்ணாடித் தகட்டில் மாதுளை முத்துகளைக் கொட்டியது போல் இருந்தது. அவன் கண்ணை எடுக்கவே இல்லை. பெரிய உடம்பு, சின்ன முக்காலி. அம்மா முக்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

“இது செத்ததுக்கு அப்புறமும் உள்ளயே இருந்ததா?” என்று கேட்டான்.

“ஆமா.”

“அதுக்குப் பசிச்சிருக்குமா?”

மேடம் யோசித்துச் சொன்னார். “பசின்னு அதுக்குத் தோணுமான்னு எனக்குத் தெரியாது. ஆனா உடம்புக்கு வேண்டியது கிடைக்கல. அது நிச்சயம்.”

அவன் மறுபடியும் குனிந்து பார்த்தான். அறையில் ஒரு சத்தமும் இல்லை, குப்பிகளுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான இறக்கைகளின் சத்தத்தைத் தவிர. அதையும் காதுகொடுத்துக் கேட்டால்தான் கேட்கும்.

மேடம் அவனிடம் மழுப்பவில்லை. ஈ வேறு, மனிதன் வேறு. மனிதனுக்கும் இதே வேலை செய்யும் ஹார்மோன்கள் உண்டு, ஆனால் அதோடு தூக்கம், கவலை, பரம்பரை, சாப்பாடு என்று நூறு சேரும். உன் உடம்பில் எது என்று இந்த ஈ சொல்லாது. ரத்தத்தைப் பார்த்தால் ஏதாவது தெரியலாம். ஒன்றும் இல்லை என்றும் வரலாம். ஹார்மோன் மருத்துவர் ஒருவரைத் தெரியும், வேண்டுமானால் சொல்கிறேன். அவன் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனான்.

அன்று இரவு தட்டோடு வெளியே வந்து உட்கார்ந்தான். மாமா, பழக்கதோஷம், “என்ன குடோன், இன்னைக்கு கடை திறந்திருக்கு?” என்றார்.

“மாமா, ஒண்ணு பண்ணலாம்,” என்றான் அவன், குரலை உயர்த்தாமல். “நான் சாப்பிடறதை நீங்க அளங்க. நீங்க சாப்பிடறதை நான் அளக்கறேன். ஒரு வாரம். அம்மா எழுதிக்கட்டும்.”

அக்கா சமையலறைத் தராசைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். மாமா சிரித்தார், ஒத்துக்கொண்டார், முதல் நாள் தன் தட்டு மூன்றாவது தடவை தராசில் ஏறியபோது சிரிப்பதை நிறுத்தினார். இரண்டாம் நாள் கடையில் வேலை என்று மாடியிலேயே சாப்பிட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் கீழே வந்து, அந்தத் தராசை முதல்ல உள்ள வையக்கா என்றார். அதன்பின் குடோன் என்ற சொல் அந்த வீட்டில் கேட்கவில்லை. பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கொஞ்சம் செயற்கையாக இருக்கிறது, பழகிவிடும் என்கிறார் அக்கா.

ஆய்வகத்தில் அடுத்த வேலை தொடங்கிவிட்டது. குண்டு ஈக்கு அந்த ஹார்மோனைத் திரும்பக் கொடுத்தால் பூட்டு திறக்குமா என்று பார்க்கப்போகிறார்கள். அதற்கான முட்டைகள் இருக்கும் குப்பிகள், எண் ஒட்டி, வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறிமாறி இருக்கின்றன.

மகனுக்கு வரும் செவ்வாய்க்கிழமை காலை மருத்துவர் நேரம் கொடுத்திருக்கிறார். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவையும் கூட வரும்படி கேட்டிருக்கிறான்.